மறு ஏலத்துக்கு வா ராசா

நோட்டைக் கொஞ்சம் இப்பிடிக் காட்டு பேராண்டி. ஆகா, கையெழுத்து மட்டும் முத்து முத்தா கீது. வில்லியனூர்ல சிக்ஸ் அடிச்சு எவன் ஊட்டு ஓட்டையோ ஒடச்சானே, அவன் மொதல் பேரு. கிருமாம்பாக்கத்துல மேன் ஆஃப் த சீரிஸ் வாங்கி சைக்கிளோட போட்டோ புடிச்சுகினானே, அவன் ரெண்டாவது பேரு. பல்லு போன எனக்கே இவனுங்க பேரெல்லாம் தெரியுதே, உங்க ஊர் கிரிக்கெட் லீக்கு ஏலத்துல உனக்கு எதிர்ல குந்தப்போற மத்த டீம் ஓனருங்களுக்குத் தெரியாமலா பூடும்? இந்த நோட்டைக் கொண்டுபோய் டீக்கடை செவுத்துல ஒட்டி வச்சாகூட ஒரு ரகசியமும் வெளிய போவாது.

கோச்சிக்காத ராசா. 'கடைசி ரவுண்டுல சல்லிசா நல்ல ஆளு எடுக்கறது எப்பிடி, சொல்லுங்க தாத்தா'ன்னு நீதான வந்து நின்ன. நான் மட்டையைப் புடிச்சவன் இல்ல, ஆடனதெல்லாம் சடுகுடு. ஆனா ஏலம் பாத்து வளந்தவன்டா. நம்ம ஊர்ல எதுதான் ஏலத்துக்கு வரல? ஏரி மீனு, புளியமரம், கோயில் தென்னை, எல்லாத்துக்கும் மேல சாராயக்கடை. கலால்காரன் கடைகளை ஏலம் உடுவான் பாரு, அந்தக் கூட்டத்துல குந்திப் பாக்கணும். குடிக்கப் போவலடா, வேடிக்கை பாக்கப் போனேன். சிரிக்காத, உங்க பாட்டியும் இதே மாதிரிதான் சிரிச்சா.

எல்லை ஓரத்துக் கடைன்னா மொத நாளே அடிதடி. பாகூரைத் தாண்டுனா கடலூரு, அந்தாண்டப் பக்கத்து ஆளுங்க வந்து குடிப்பாங்கன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். 'அவன் எடுத்தா நான் எடுக்கமாட்டனா'ன்னு மீசையை முறுக்கிகினு ஏத்திகினே போவானுங்க. எடுத்தவன் மாலையும் கழுத்துமா ஊட்டுக்குப் போவான். கொஞ்ச மாசம் கழிச்சுப் பாத்தா கிஸ்தி கட்ட முடியாம மொகம் தொங்கிப் பூடும். யாரும் கேக்காத கடை மறு ஏலத்துக்கு வரும். அன்னிக்குக் கூட்டமே இருக்காது. ஒரு மூலையில வெத்தலை மென்னுகினு ஒருத்தன் குந்தியிருப்பான். அறுப்புக் கூலி வாங்கனவன் எத்தினி பேரு சாயங்காலம் அந்தச் சந்து வழியா ஊட்டுக்குப் போறான்னு மூணு நாளு மரத்தடியில நின்னு எண்ணிட்டு வந்திருப்பான் அவன். கேட்ட வெலைக்கு எடுத்துகினு சத்தம் இல்லாமப் போயிடுவான்.

ஆனா ஒண்ணு. யாரும் கேக்காத கடை எல்லாமே நல்ல கடைன்னு நெனச்சுடாத. முக்காவாசிக் கடை நெசமாவே ஓடாத கடைதான். 'ஏன் இதை எவனும் கேக்கல?' அதுக்குப் பதில் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் மறு ஏலம். பதில் தெரியாதவன் மொத நாளே போயி மாலை போட்டுக்கலாம், போட்டோவுக்காவது ஆவும்.

இப்ப உன் கிரிக்கெட்டுக்கு வருவோம். 2024 நவம்பர்ல அரபு நாட்டுல, ஜெட்டாவுல, ஐபிஎல் ஏலம் நடந்துதே, ரெண்டு நாளும் நீ செல்போனை மூஞ்சில ஒட்டிகினு கெடந்த. 577 பேரு பட்டியல்ல. வித்தது 182 பேரு. மொத்தம் 639 கோடி. ரிஷப் பந்த் 27 கோடின்னதும் நீ எகிறிக் குதிச்ச பாரு, உங்கப்பன் வாங்கன மாதிரி. மொத நாளு ஒவ்வொருத்தனும் மடியை அவுத்து உட்டான். ரெண்டாம் நாளு பொழுது சாயறப்ப பேரை வேகவேகமா கூப்புட ஆரம்பிச்சானுங்க, பாதி டீம்ல மடி காலி, நீயும் தூங்கிட்ட. அப்பத்தான் மலப்புறத்து ஆட்டோக்காரரு புள்ள விக்னேஷ் புத்தூரை மும்பைக்காரன் 30 லட்சத்துக்கு எடுத்தான். கேரளாவோட பெரிய டீமுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத பையன். இடது கையால மணிக்கட்டைத் திருப்பிப் போடறவன். அடுத்த மார்ச்சு 23ஆந் தேதி நம்ம சேப்பாக்கத்துலயே வந்து சென்னை டீமோட ருதுராஜ், துபே, ஹூடா மூணு பேரையும் தூக்கிட்டுப் போனான். அன்னிக்கு சாப்புடாமப் படுத்தியே, ஞாபகம் இருக்கா? நீ தூங்குன நேரத்துல எடுத்த ஆளுடா அவன்.

அவனை மும்பைக்காரன் எப்பிடிக் கண்டான்? கேரளா லீக்ல அவன் எடுத்த விக்கெட்டை ஒரு கை வெரல்லயே எண்ணிடலாம். கணக்குப் புத்தகத்தைப் பாத்தவன் தாண்டிப் பூட்டான். கையைப் பாத்தவன் நின்னான். இடது கையில அப்பிடி சுத்தறவன் எத்தினி பேரு கீறான் நாட்டுல? பேட்ஸ்மேனுக்குப் பழக்கமே இல்லாத பந்து. விக்கெட்டு எடுக்கலன்னா அது அந்த மாசத்துச் சங்கதி.

டெக்சாஸ்ல கீற என் மச்சான் மவன் சொல்லுவான், அமெரிக்காவுல ஏலமே கெடையாதாம். அவனுங்க ஆடற ஃபுட்பால் வேற, பந்து தேங்கா மாதிரி இருக்கும், கையில தூக்கிகினு ஓடுவானுங்க. காலேஜ் முடிச்ச பசங்களை டீமுங்க வரிசையில நின்னு எடுத்துக்கணும். போன வருசம் கடைசியா வந்த டீமுக்கு மொத எலை, கோப்பை வாங்கனவனுக்குக் கடைசி எலை. நம்ம ஊர்ல தோத்தவனைப் பந்தியிலயே சேக்கமாட்டோம், அவன் பாரு, மொத எலையில குந்த வச்சுப் பரிமாறறான். ஏழு ரவுண்டு. மொத ரவுண்டுக்கு டிவியே வந்து குந்தும். ஏழாவதுக்கு எடுக்கறவனே கொட்டாவி உடுவான். எடுக்கறதுக்கு முன்ன பசங்களை அரை டவுசரோட ஓட உட்டு, தாண்ட உட்டு, அளவெடுப்பானுங்க.

2000ல டாம் பிரேடின்னு ஒருத்தன். மேல் சட்டை இல்லாம எடுத்த போட்டோவுல பாத்தா சோத்துக் களைப்புல நிக்கற மாதிரி இருப்பான். 40 கஜம் ஓட 5.28 செகண்டு ஆச்சாம், அந்த ஆட்டத்துக்கு அது ஆமை. 198 பேரை எடுத்து முடிச்சப்புறம், ஆறாவது ரவுண்டுல, 199ஆவது ஆளா எடுத்தானுங்க. அவன் செய்யற அதே வேலைக்கு அவனுக்கு முன்னாடியே ஆறு பேரை எடுத்தாச்சு. அவன்தான் அந்த ஆட்டத்துப் பெரிய கோப்பையான சூப்பர் பவுலை ஏழு தடவை வாங்கனவன். 2022ல புரோக் பர்டி, 262ஆவது ஆளு, அதுக்கப்புறம் ஆளே இல்ல. கடைசியா வர்றவனுக்கு அங்க 'மிஸ்டர் இர்ரெலவென்ட்'னு பட்டமே வச்சுகிறானுங்க, 'ஒண்ணுத்துக்கும் ஆவாத தொர'ன்னு வச்சுக்கோயேன். அந்தத் தொர ரெண்டே வருசத்துல டீமை சூப்பர் பவுல் ஆட்டத்துக்கே இட்டுகினு போயிட்டான்.

உடனே தொந்தி வச்சவனைத் தேடிக் கெளம்பிடாத. உங்க சித்தப்பனுக்கும் தொந்தி கீது, அவன் இன்னா பிரேடியா? ஓட்டத்தை அளந்தா அளவு எல்லார் நோட்டுலயும் ஏறிப் பூடுது. எல்லார் நோட்டுலயும் ஏறுனது வெலையிலயும் ஏறிப் பூடும். பந்தை எப்ப எறியணும், எவன் காலியா நிக்கறான்னு அந்த நெருக்கடியில எப்பிடிப் பாக்கறான்றதை அளக்க டேப் இல்ல. அளக்க முடியாததை யாரும் வெலையில சேக்கறதில்ல. உனக்கு லாபம் அங்கதான் கீது.

காசு கட்டி செல்போன்ல டீம் வச்சுகினு இருந்தியே, 2025 ஆகஸ்ட்டுல பார்லிமென்ட்டே சட்டம் போட்டு மூடற வரைக்கும்? அதுல ஜெயிச்சியா? எப்பிடி ஜெயிப்ப? நாட்டுல பாதிப்பேரு கோலியைத்தான் கேப்டனா போட்டான், நீயும் போட்ட. கோலி நூறு அடிச்சாலும் உனக்கும் அவனுங்களுக்கும் ஒரே மார்க்கு. உங்கம்மா மல்லாட்டை வித்த காசு போனதுதான் மிச்சம். அந்தச் சட்டம் போட்டவன் நல்லா இருக்கணும்.

சரி, ஆளுங்க ஏன் மிச்சமாவறாங்க? காரணத்தைத் தெரிஞ்சுக்கோ, அப்பறம் பேரு தானா வரும்.

மொத காரணம் வயசு. இதுல எனக்கு ஒரு நம்பரு மேல தனிப் பாசம், 41. பிரவீன் தாம்பேன்னு மும்பைக்காரரு, முதல்தர மேட்ச் ஒண்ணுகூட ஆடாதவரு, 2013ல ராஜஸ்தானுக்கு ஐபிஎல் ஆட வந்தப்ப வயசு 41. அடுத்த வருசம் கொல்கத்தா மேல ஹாட்ரிக் எடுத்தாரு. நம்ம சடுகுடுல தஞ்சாவூருப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன், 2016ல பாட்னா டீமுக்குக் கேப்டனா நின்னு புரோ கபடி கோப்பையைத் தூக்குனாரே, அப்ப அவருக்கும் 41. மூணாவது ஆளு நம்ம ஊட்டுக்காரன் மாதிரி. புதுச்சேரி டீமு ரஞ்சிக்குள்ள நொழைஞ்சதே 2018ல. அதுக்கு முன்ன இங்கத்திப் பையன் ரஞ்சி ஆடணும்னா அடுத்த மாநிலத்து வாசல்ல போய் நிக்கணும். 2021 ஜனவரி, சையது முஷ்டாக் அலி போட்டி. சூர்யகுமார் கேப்டனா வந்த மும்பை. நம்ம புதுச்சேரிக்கு சாந்த மூர்த்தின்னு ஒருத்தரு பந்து போட்டாரு. 20 ரன்னு, 5 விக்கெட்டு. மும்பை 94க்கு சுருண்டுது, நம்மாளுங்க ஆறு விக்கெட்ல ஜெயிச்சாங்க. அவருக்கும் அன்னிக்கு 41.

எவ்வளவோ பேருக்கு இந்தச் சங்கதியே தெரியாது. ஊசுட்டேரிப் பக்கம் துத்திப்பட்டுல அம்மாம் பெரிய ஸ்டேடியம் கட்டிகிறாங்க, 2024லேர்ந்து வில்லியனூர் பேருலயும் ஊசுடு பேருலயும் டீமு வச்சு லீக்கு வேற ஆடறாங்க. உங்கிட்ட கேட்டா மும்பை டீம்ல பதினோரு பேரையும் சொல்லுவ. அந்த மும்பையை 94ல சுருட்டுனவரு பேரை இப்பத்தான் கேக்கற. வாயை மூடு, கொசு பூந்துடும்.

ரெண்டாவது காரணம், பழைய கறை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். தெருவுல டென்னிஸ் பால்ல யார்க்கர் போட்டுப் பழகன ஆளு, அவங்கம்மா ரோட்டோரம் கடை போட்டவங்க. 2015ல ரஞ்சி ஆடன ஒடனே 'கை மடக்கி எறியறான்'னு புகார். கையை மாத்தித் திரும்பி வந்தாரு. 2017ல பஞ்சாப்காரன் 10 லட்சத்துல ஆரம்பிச்சு 3 கோடி வரைக்கும் ஏத்தி எடுத்தான். வெலை ஏறுனா எல்லாரும் பந்தைப் பாக்க மாட்டாங்க, கோடியைத்தான் பாப்பாங்க. ஆறு மேட்ச், ரெண்டு விக்கெட்டு. அடுத்த வருசம் ஹைதராபாத் 40 லட்சத்துக்குக் கொண்டுபோச்சு. ரெண்டு சீசன் தண்ணி பாட்டில்தான் தூக்குனாரு, ஒரு மேட்ச்கூட இல்ல. ஆனா அனுப்பி உடல பாரு, அந்த டீமை நான் அதுக்குத்தான் மெச்சறேன். 2020ல 16 விக்கெட்டு. அதே வருசக் கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்து போடப் போனவரு, ஒருநாள், டி20, ஜனவரில பிரிஸ்பேன்ல டெஸ்ட்டு, மூணும் ஒரே பயணத்துல ஆடிட்டுத்தான் திரும்புனாரு. சின்னப்பம்பட்டியில குதிரை வண்டியில வச்சு ஊர்வலம் உட்டாங்க.

மூணாவது, தொழில் மாத்துனவன். இவனுங்களை யாருக்கும் புரியாது, எந்தப் பொட்டியில போடறதுன்னு தெரியாது. வருண் சக்கரவர்த்தி மொதல்ல விக்கெட் கீப்பரு, அப்பறம் ஆட்டமே வேணாம்னு ஊடு கட்டற படிப்பு படிச்சாரு, திரும்பி வந்து வேகப்பந்து போட்டாரு, முட்டி போச்சு, அதுக்கப்பறம்தான் சுழல். 2018ல தமிழ்நாட்டு லீக்கு டிஎன்பிஎல்ல மதுரைக்கு ஆடி கோப்பை. 20 லட்சத்துல ஆரம்பிச்சு 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்த பஞ்சாப், ஒரே ஒரு மேட்ச் ஆட வச்சு உட்டுடுச்சு. கொல்கத்தா அதுல பாதிகூட குடுக்கல, 4 கோடிக்கு எடுத்து இன்னிவரைக்கும் கையை உடல. 2025 சாம்பியன்ஸ் டிராபில நியூசிலாந்தை அஞ்சு விக்கெட் எடுத்து மடக்குனது அவருதான். பஞ்சாப்காரன் கண்ணு நல்ல கண்ணுடா, நடராஜனையும் வருணையும் மொதல்ல கண்டவன் அவன்தான். பொறுமைதான் கடன் வாங்கக்கூட கெடைக்கல.

உள்ளூர்க்காரன் கண்ணுன்னு ஒண்ணு கீது, அதையும் சொல்லிடறேன். சாய் சுதர்சனை 2022ல குஜராத் எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023ல நம்ம டிஎன்பிஎல்ல மொத தடவை ஏலம் வச்சாங்க, அதுக்கு முன்ன அவங்களும் அமெரிக்காக்காரன் மாதிரி வரிசையிலதான் எடுத்துகினு இருந்தாங்க. மாமல்லபுரத்துல நடந்த அந்த ஏலத்துல கோவைக்காரன் அதே சாய் சுதர்சனுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் குடுத்தான். ஐபிஎல்ல கெடைச்சதை உட ஊட்டாண்ட அதிகம்! அந்த வருசமே ஐபிஎல் ஃபைனல்ல சென்னை மேல 96 அடிச்சாரு, 2025ல 759 ரன்னோட ஆரஞ்சுத் தொப்பி. பக்கத்துல நின்னு பாத்தவனுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே தெரிஞ்சுகிது. நீயும் பாகூர்லேர்ந்து ஆளு எடுக்கணும்னா பாகூர்ல நில்லு. ஸ்கோர் போடற ஆப்பைத் தொறந்து வச்சுகினு 'சராசரி 48 தாத்தா'ன்ற. அந்த ஸ்கோரைப் போட்டது யாரு? அவன் சொந்த மச்சான். கீப்பர் கையில பட்டுப் போற பையெல்லாம் மட்டையில ஏத்திகிறான்.

இத்தினியும் கேட்டுட்டு உனக்கு நெஞ்சு நிமிந்துகிது பாரு, அதை இப்பவே மடக்கிடறேன். 2023 டிசம்பர், துபாய். பஞ்சாப்காரன் ஷஷாங்க் சிங்னு ஒருத்தரை 20 லட்சத்துக்குக் கேட்டான். சுத்தியல் விழுந்துடுச்சு. ஒடனே மேசையில ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துகினு 'இவரு வேணாமே'ன்றானுங்க. ஏலம் உடற அம்மா 'விழுந்தது விழுந்ததுதான்'னுட்டாங்க. அப்பறம் 'ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தாங்க, நாங்க எடுக்க நெனச்சவரே இவருதான்'னு வெளக்கம் குடுத்தானுங்க. நானும் நம்பிட்டேன், நீயும் நம்பிடு. அந்த ஷஷாங்க் 2024 ஏப்ரல் 4ஆந் தேதி அகமதாபாத்ல குஜராத் குடுத்த 200ஐ தொரத்தி, 29 பந்துல 61 அடிச்சு ஜெயிக்க வச்சாரு. அடுத்த ஏலத்துக்கு முன்ன 5 கோடியே 50 லட்சம் குடுத்துத் தக்க வச்சுகினானுங்க.

எதிர்ப்பக்கம் ரஜத் பட்டிதார். 2022 ஏலத்துல பேரைக் கூப்புட்டாங்க, ஒருத்தன் கையைத் தூக்கல. மே மாசம் கல்யாணம் வச்சுகினு ஊட்டுல இருந்தாரு மனுசன். பெங்களூரு டீம்ல ஒருத்தனுக்கு அடிபட்டுது, 20 லட்சத்துக்கு மாத்தாளா வான்னானுங்க. கல்யாணத்தைத் தள்ளி வச்சுட்டுப் போனாரு. மே 25, ஈடன் கார்டன்ஸ், லக்னோ மேல 54 பந்துல 112. மூணு வருசம் கழிச்சு அதே டீமுக்குக் கேப்டனு.

2025 ஜூன் 3, ஃபைனல். ஒரு பக்கம் யாரும் கேக்காத பட்டிதாரு கேப்டன். இந்தப் பக்கம் 'இவரு வேணாமே' ஷஷாங்க் மட்டையோட நிக்கறாரு. கடைசி ஓவர்ல 29 வேணும், போடறது ஹேசல்வுட். மொத ரெண்டு பந்து ஒண்ணுமில்ல. அப்பறம் 6, 4, 6, 6. ஆறு ரன்னுல பெங்களூரு பதினெட்டு வருசத்துக் கோப்பையை வாங்குச்சு. ஷஷாங்க் அன்னிக்கும் 61, அவுட் இல்ல. பஞ்சாப் கோடி கோடியா கொட்டி எடுத்தவனெல்லாம் வேலி ஓரம் குந்தி நகத்தைக் கடிச்சுகினு இருந்தான், கடைசி வரைக்கும் கோப்பை இவனுங்க ரெண்டு பேருக்கு நடுவுலதான் ஆடுச்சு. உனக்குக் கண்ணு கலங்குச்சு, பெங்களூருக்கா ஷஷாங்குக்கான்னு நான் கேக்கல.

அதனால அதிஷ்டம் இல்லன்னு சொல்லாத. கீது. ஆனா அதிஷ்டம் வர்றப்ப ஆளு உன் டீம்ல இருக்கணுமே! இங்கத்தான் நீங்கல்லாம் கோட்டை உடறது. உங்க ஏலத்துல 5000 பாயிண்டு குடுத்து எடுத்தவன் நாலு மேட்ச் முட்டை போட்டாலும் அஞ்சாவதுக்கும் அவனைத்தான் எறக்குவ, குடுத்த பாயிண்டு உன்னைக் கேள்வி கேக்கும். 200 பாயிண்டுக்கு எடுத்தவன் மொத ஓவர்ல ரெண்டு வைடு போட்டா ஃபைன் லெக்குக்கு அனுப்பி உட்டு, அப்பறம் அவன் பேரே மறந்துடுவ. சல்லிசா எடுத்தவன் சல்லிசாவே முடிஞ்சு போறது பாதி அதனாலதான்.

இப்ப நோட்டைத் தூக்கி ஓரமா வையி. சேலியமேட்டுல ஒரு பையன் கீறான், இடது கை. பேரு ஏலத்தன்னிக்கு சொல்றேன். உன் நோட்டுல இல்ல, எவன் நோட்டுலயும் இல்ல. ஏன் இல்லன்னு கேளு. கேக்கமாட்டியே! பந்தல் போடற வேலை அவனுக்கு. நீங்க டோர்னமென்ட் வைக்கறது ஞாயித்துக்கெழமை, முகூர்த்தமும் ஞாயித்துக்கெழமை. நீங்க கோப்பைக்கு சண்டை போடறப்ப அவன் ஏதோ ஒரு மண்டபத்துல இரும்புக் கொழாயைத் தோள்ல தூக்கிகினு நிப்பான். ஆடியிலயும் மார்கழியிலயும்தான் கல்யாணம் கெடையாது. அந்த ரெண்டு மாசம்தான் அவன் பந்தைத் தொடறது. அந்த ரெண்டு மாசத்துல மேட்ச் பாக்கறவன் ஊருல எவன்? அம்மன் கோயில் கூழுக்கு நிக்கறவன், பஜனைக்குப் போறவன், அப்பறம் நானு.

நான் பாத்தேன். அறுத்த நெலம், ஆடு மேஞ்சுகினு கீது. மயிரெல்லாம் கொட்டிப்போன டென்னிஸ் பால். பவுலருக்கு நேர் பின்னால நிக்காத, அங்க நின்னா எல்லாப் பந்தும் நல்ல பந்துதான். நான் ஸ்கொயர் லெக்கு பனமரத்தாண்ட நின்னுகினேன். அவன் ஓடிவர்றதே அஞ்சாறு எட்டு, அதுவும் சோம்பலா. ஆனா கொழா தூக்குன தோளு பாரு, கை சுத்தறது கண்ணுல படல. பந்து விழுந்து எழும்பவே மாட்டேன்னு தரையோட வழுக்கிகினு போவுது. பேட்ஸ்மேன் மட்டையை எறக்கறதுக்குள்ள பந்து அவன் கணுக்காலாண்ட. அடிச்சவனுக்கும் நல்லா அடிச்ச சத்தம் வரல, ஒரு மாதிரி செத்த சத்தம். மூணாவது பந்துல தேர்டு மேன்ல நின்ன அவன் சொந்தத் தம்பியே சுளுவான கேட்ச்சை உட்டான். நான் இவன் மூஞ்சியைத்தான் பாத்தேன். நீயா இருந்தா தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சிருப்ப. இவன் பந்தை வாங்கி லுங்கில தொடச்சுகினு திரும்பி நடந்தான். அடுத்த பந்தும் அதே எடம், அதே லெங்த்து. ஸ்டம்பு சாஞ்சுடுச்சு. தம்பியைத் திரும்பிக்கூடப் பாக்கல.

உங்க லீக்கு எப்ப? ஆடியில தான? ஆடி முழுக்க எந்த மண்டபத்துலயும் பந்தல் கெடையாது, ஒரு ஞாயிறுகூட தவறமாட்டான். மொத சுத்துல அவன் பேரு வந்தா எவனும் கேக்கப்போறதில்ல, நீயும் கேக்காத, கம்முனு வெத்தலை போடு. மறுக்கா கூப்புடறப்ப 200 பாயிண்டுக்கு எடு. எவனாவது சந்தேகப்பட்டுக் கையைத் தூக்குனா 300 வரைக்கும் போ. ரெண்டு மேட்ச் சரியா போடலன்னாலும் மூணாவதுக்கு எறக்கணும், சத்தியம் பண்ணு.

இன்னாடா மொறைக்கற? தாத்தாவுக்கு இதுல இன்னா லாபம்னா? ஒண்ணும் இல்லப்பா. போன மார்கழியில வேலை இல்லாம கெடந்தப்ப எங்கிட்ட நாலாயிரம் ரூவா கைமாத்து வாங்கனான். இந்த ஆடியிலயும் வேலை இருக்காது. உங்க லீக்ல பெஸ்ட் பவுலருக்கு அஞ்சாயிரம்னு பேனர்ல போட்டுகிறீங்களே, அதைப் பாத்துட்டு உங்க பாட்டி, பணம் திரும்பி வர வழியைப் பாருன்னு தெனம் என் உசுரை எடுக்கறா.